இரு உலகங்களின் நாவலாசிரியை: மேரி கொரெலி

1924ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, சேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்போர்ட்டில், மேரி கொரெலி என்ற நாவலாசிரியை இருதய நோயினால் காலமானார். ஒரு காலத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தோர் எல்லோரும் அறிந்திருந்த பெயர் அது. விக்டோரியா மகாராணி தொடக்கம் கடைச் சிப்பந்திகள் வரை அவரை வாசித்தார்கள். கப்பல் போன இடமெல்லாம் அவருடைய புத்தகங்களும் போயின. இலங்கையும் இந்தியாவும் அதற்கு விலக்கல்ல. நம் பாட்டிமார் காலத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தெல்மா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரை உலகமெங்கும் பரப்பியது 1887இல் வெளியான அவருடைய ‘தெல்மா’ நாவல்தான்.

நூற்றாண்டு மலருக்கு ஏன் ஒரு வெள்ளைக்காரப் பேய்க்கதைக்காரி என்று மலர்க்குழுத் தங்கைமார் கேட்டார்கள். ஆவியைக் காதலிக்கும் பெண், முற்பிறவிக் கணக்கைத் தீர்க்க வரும் இளவரசி, இறந்தும் அழியாத உடல் என்று இன்றைக்குத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நாவல்களிலும் ஓடுகிற கதைகளை, 140 வருடங்களுக்கு முன் எழுதி, தன் உழைப்பிலேயே வீடு வாங்கி, எவரையும் மணக்காமல் வாழ்ந்து முடித்த பெண் அவர். பெண்பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் மலரில் அவருக்கு ஓர் இடம் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவருடைய உண்மைப் பெயர் மேரி மக்கே. 1855 மே 1ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் மக்கே அந்நாளில் புகழ்பெற்ற கவிஞர், பத்திரிகையாளர். தாய் எலிசபெத் மில்ஸ் அவருடைய சட்டபூர்வமான மனைவி அல்லர். முதல் மனைவி இறந்தபின் சார்ள்ஸ் இவரை மணந்தாலும், மேரியைத் தத்துப்பிள்ளை என்றே வெளியில் சொல்லி வளர்த்தார்கள். தகப்பன் யார் என்பதைச் சொல்ல முடியாத பிள்ளைக்கு அன்றைய இங்கிலாந்தில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. நம் ஊரிலும் அந்தக் கண்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் மேரி தன் வயதில் பத்து வருடம் குறைத்துச் சொன்னதற்கும், வெனிஸ் நகரத்து இசைப் பரம்பரையில் வந்தவள் என்று கதை கட்டியதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. சார்ள்ஸ் மக்கே 1841இல் எழுதிய புத்தகம் ஒன்று இன்றும் அச்சில் இருக்கிறது. கூட்டம் கூட்டமாக மக்கள் எப்படிப் பைத்தியக்காரத்தனமான நம்பிக்கைகளில் விழுகிறார்கள் என்பதே அதன் பொருள். இரசவாதம், சூனியக்காரி வேட்டை, டியூலிப் பூக்கிழங்குக்கு வீட்டை விற்றவர்கள் என்று எல்லாரையும் அதில் கிண்டல் செய்திருப்பார். அந்தத் தகப்பனுடைய மகள்தான் மின்சாரத்தால் ஆன்மாவை வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பிக் கதை எழுதினாள்.

மேரி சில வருடங்கள் கன்னியர் மடத்தில் படித்தார். பியானோவில் தேர்ச்சி பெற்றார். தாய் 1876இல் இறந்தபின், சிநேகிதி பேர்த்தா வைவர் வீட்டோடு வந்து சேர்ந்தார். பின்னர் தந்தை பக்கவாதத்தால் படுத்துவிட்டார், கையில் காசில்லை. 1884இல் லண்டனில் மேடையேறிப் பியானோ வாசித்தபோது மேரி கொரெலி என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார். சங்கீதம் சோறு போடவில்லை. எழுத்தில் இறங்கினார்.

முதல் நாவலை ஜோர்ஜ் பென்ற்லி என்ற பதிப்பாளருக்கு அனுப்பினார். பதிப்பகத்துக்காகக் கைப்பிரதி வாசித்தவர்கள் வேண்டாம் என்றார்கள். பென்ற்லி தானே வாசித்துப் பார்த்து, தலைப்பை மட்டும் மாற்றச் சொல்லி, 1886இல் வெளியிட்டார். அதுதான் ‘எ ரொமான்ஸ் ஒஃப் டூ வேர்ல்ட்ஸ்’, இரு உலகங்களின் காதற்கதை. நரம்புத் தளர்ச்சியால் வாடும் ஓர் இளம் பியானோ கலைஞர் கதை சொல்கிறாள். வைத்தியர்களால் அவளைக் குணப்படுத்த முடியவில்லை. பாரிஸில் ஹெலியோபாஸ் என்ற கல்தேய ஞானி மின்சக்தியால் அவளைத் தேற்றி, அவளுடைய ஆன்மாவை உடலிலிருந்து பிரித்து விண்வெளிக்கு அனுப்புகிறார். அவருடைய தங்கை சாரா, இன்னோர் உலகத்து ஆவியைக் காதலிப்பவள். மனிதனான ஓர் இளவரசன் அவளை அணைக்கப் போக, மின் அதிர்ச்சி அவனைத் தூக்கி எறிகிறது. முடிவில் மின்னல் தாக்கி அவள் இறக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது காதலனிடம் போய்ச் சேர்தல்.

இதை இன்று வாசிக்கும் வைத்தியருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தந்திக் கம்பி கடலுக்கு அடியில் ஓடிவிட்டது, தொலைபேசி வந்துவிட்டது, பத்திரிகைகளில் மின்சாரப் பட்டிகள் எல்லா நோய்க்கும் மருந்தென்று விளம்பரமாகின. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கம்பியில் பேசுமானால் ஆன்மா ஏன் பேசாது என்று படித்தவர்களே கேட்டார்கள். ஆவி ஆராய்ச்சிக்கென்றே 1882இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஒல்கொட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் 1880இல் காலி துறைமுகத்தில் இறங்கி இலங்கையில் பிரம்மஞான சபையை நிறுவியதும் இதே அலையில்தான். கொரெலி மட்டும் தன்னை ஆவியுலகக்காரர்களோடு சேர்க்கக் கூடாது என்று கடைசிவரை மறுத்தார். தான் எழுதுவது கிறிஸ்தவம் என்றார். திருச்சபைகளை நாவலுக்கு நாவல் திட்டினார் என்பது வேறு விடயம்.

அதே வருடம் ‘வெண்டெட்டா’ வந்தது. 1884இல் நேபிள்ஸ் நகரைக் கொலரா தாக்கியபோது இறந்துவிட்டதாக நினைத்து ஒரு பிரபுவைக் குடும்பக் கல்லறையில் வைத்துவிடுகிறார்கள். அவன் இரவில் விழித்து, வெளியேறி வீட்டுக்கு வர, மனைவி நண்பனோடு இருக்கிறாள். தலைமயிர் ஒரே இரவில் நரைத்துப்போன அவன், வேறொரு பிரபுவாக வேடமிட்டுத் திரும்பிப் பழிவாங்குகிறான். உயிருள்ளவன் தன் வீட்டுக்கே பேயாக வருவது நல்ல கற்பனை. கொலராவில் உடல்நீர் வற்றி, நாடி கைக்கு அகப்படாமல் போகும் கட்டத்தைக் கண்டவர்களுக்கு, அவசர அடக்கங்கள் பற்றிய அந்தப் பயம் வெறும் கற்பனையாகவும் படாது.

பிறகு நாவல்கள் வரிசையாக வந்தன. ‘ஆர்டத்’ (1889) கதாநாயகன் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்திய நகரத்துக்குப் போகிறான். அந்த வருடம்தான் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் அவருடைய வீடு தேடி வந்து பேசிப் போனார். ‘த சோல் ஒஃப் லிலித்’ (1892) என்னை மிகவும் தொந்தரவு செய்த நாவல். எல்-ராமி என்ற விஞ்ஞானி, இறந்த ஒரு சிறுமியின் உடலை ஊசிமருந்து ஏற்றி ஆறு வருடம் உயிர்ப்போடு வைத்திருக்கிறான். அவளுடைய ஆன்மாவை அண்டவெளிக்கு அனுப்பிச் செய்தி கேட்கிறான். கடைசியில் அவளையே காதலித்து, தனக்கு வேண்டும் என்று பற்றிக்கொள்ளும் கணத்தில் உடல் தூளாகிப் போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதை கதையாக மட்டும் தெரியாது. செயற்கைச் சுவாசத்தை எப்போது நிறுத்துவது என்று உறவினரோடு பேசவேண்டி வரும் நாட்களில் எல்-ராமியை நான் நினைப்பதுண்டு.

‘சிஸ்கா’ (1897) சிறியது, ஆனால் இந்த வகையில் அவர் எழுதியவற்றுள் மிகவும் செட்டானது. கெய்ரோவின் ஆடம்பர ஹோட்டலில் பிரெஞ்சு ஓவியன் ஒருவன் ஒரு மர்ம இளவரசியிடம் மயங்குகிறான். அவளை ஓவியமாகத் தீட்டினால் முகம் பிணமுகமாக வருகிறது. முற்பிறவியில் அவன் எகிப்திய வீரன், அவள் அவனைக் காதலித்து அவன் கையாலேயே கொலையுண்ட நடனக்காரி. பிரமிட்டுக்குள் கணக்குத் தீர்க்கப்படுகிறது. கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யை வாசித்தவர்களுக்கும், ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யைப் பார்த்தவர்களுக்கும் இந்த வழி பழக்கமானதாக இருக்கும். கல்கியிடம் முற்பிறவி ஏக்கமாக வருகிறது, கொரெலியிடம் பழியாக வருகிறது.

அவருடைய பெயரை உச்சிக்குக் கொண்டுபோனது ‘த சொரோஸ் ஒஃப் சேட்டன்’ (1895), சாத்தானின் துயரங்கள். பட்டினி கிடக்கும் எழுத்தாளன் ஒருவனுக்குத் திடீரென்று ஐம்பது இலட்சம் பவுண் சொத்து வருகிறது. கூடவே லூசியோ என்ற அழகான இளவரசன் நண்பனாக வருகிறான். அவன்தான் சாத்தான். மனிதர்கள் தன்னை விரட்டினால் மட்டுமே அவனுக்கு விடுதலை கிட்டும், ஆனால் எல்லோரும் அவனை அணைத்துக்கொள்கிறார்கள் என்பதே அவனுடைய துயரம். நல்ல கரு. அதே கதையில் மேவிஸ் கிளேயர் என்றொரு அழகான, தூய, விமர்சகர்களால் பழிக்கப்படும் பெண் நாவலாசிரியையும் வருகிறாள். பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் யாருடையவை என்று வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அது தானல்ல என்று கொரெலி சாதித்தார்.

இந்த நாவலில் வியாபாரப் புரட்சி ஒன்றும் இருந்தது. அதுவரை இங்கிலாந்தில் புது நாவல் மூன்று பாகமாக வரும். விலை 31 சில்லிங் 6 பென்ஸ். சாதாரண மனிதர் வாங்க முடியாது, சந்தா கட்டி வாசிகசாலையில் இரவல் வாங்க வேண்டும். 1894இல் பெரிய இரவல் வாசிகசாலைகள் இந்த முறையைக் கைவிட, ஒரே பாகம், ஆறு சில்லிங் என்ற புத்தகம் வந்தது. மெதுவென் பதிப்பகம் ‘சாத்தானின் துயரங்க’ளை அப்படித்தான் வெளியிட்டது. முன்பக்கத்திலேயே ஓர் அறிவித்தல்: விமர்சனத்துக்குப் பிரதிகள் அனுப்பப்பட மாட்டா, விமர்சகர்களும் மற்றவர்களைப் போலக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பத்திரிகைகள் கொதித்தன, புத்தகம் அதற்கு முன் எந்த ஆங்கில நாவலும் விற்காத வேகத்தில் விற்றது. உச்சத்தில் இருந்தபோது வருடத்துக்கு ஓர் இலட்சம் பிரதிகள் வரை அவருடைய நூல்கள் விற்றன என்பார்கள்.

விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நடை ஊதிப் பெருத்தது. ஒரு சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு பக்கம் செலவாகும். நல்லவர்கள் வெள்ளை, கெட்டவர்கள் கறுப்பு. எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது அப்படி எழுதியிருந்தால் ரீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார். ஆனால் எந்த ஆண் எழுத்தாளரிடமும் கேட்காத கேள்விகளை அவரிடம் கேட்டார்கள்: வயது என்ன, ஏன் கலியாணம் இல்லை, உயரம் ஏன் இவ்வளவு குறைவு. அதை விமர்சனம் என்று சொல்ல முடியாது.

1897இன் முடிவில் அவர் கடும் நோயுற்றார். பெண்நோய் சம்பந்தமான பெரிய சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. அதைச் செய்தவர் வைத்தியர் மேரி ஷார்லிப். தமிழ் வாசகிகள் இந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும். கணவரோடு சென்னையில் வாழ்ந்தபோது, பிரசவத்தில் பெண்கள் உதவியின்றி இறப்பதைக் கண்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் அவர். ஆண் வைத்தியரிடம் போகாத பெண்களுக்காக 1885இல் சென்னையில் தொடங்கிய ஆஸ்பத்திரி அவருடைய முயற்சி. திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியாக இன்றும் இயங்குவது அதுதான். சென்னையில் கற்ற அந்தக் கைகள் லண்டனில் மேரி கொரெலியைப் பிழைக்க வைத்தன.

ஆகவே அடுத்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 1907இல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களைக் கண்டித்துக் கொரெலி ஒரு சிறுநூல் எழுதினார். பெண்ணின் அரசாட்சி வீட்டில், அவளுடைய செல்வாக்கு ஆணின் மனத்தில், வாக்குச்சீட்டு எதற்கு என்பது அதன் சாரம். கணவன் இல்லாமல், தகப்பனைக் கடைசிவரை பராமரித்து, தகப்பனின் முதல் தாரத்து மகனான எரிக் என்ற உதவாக்கரை அண்ணனுக்கும் காசு கொடுத்து, பதிப்பாளர்களோடு ஒவ்வொரு பென்ஸுக்கும் தானே பேரம் பேசி, பெண் சத்திரசிகிச்சை நிபுணரால் உயிர்பிழைத்த ஒருவர் இதை எழுதினார். வெட்கக்கேடு என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது இங்கும் இதே வாதங்களைச் சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள்.

நோய் தேறி 1899இல் ஸ்ட்ராட்போர்ட்டுக்குப் போய், 1901இல் மேசன் கிரோஃப்ட் என்ற பழைய வீட்டில் பேர்த்தாவோடு குடியேறினார். ஊருக்கு அவர் ஒரு தலைவலி, ஒரு காவல் தெய்வம், இரண்டும்தான். சேக்ஸ்பியர் பிறந்த வீட்டுக்குப் பக்கத்துப் பழைய குடிமனைகளை இடித்து வாசிகசாலை கட்டும் திட்டத்தை 1903இல் எதிர்த்தார். அந்தச் சண்டையில் மானநட்ட வழக்குப் போட்டு வென்றார். நட்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்ஸ். ஆனால் குடிமனைகளில் சில தப்பின. இன்று அந்த ஊருக்குப் போகும் உல்லாசப் பயணிகள் பார்க்கும் பழைய முகப்புகள் பலவற்றுக்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஹார்வர்ட் இல்லம் என்ற பழைய மரவீட்டைச் சிக்காகோச் செல்வந்தர் ஒருவரின் பணத்தில் புதுப்பித்து, 1909இல் திறந்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திடம் கையளிக்கச் செய்தார். வெனிஸிலிருந்து படகு ஒன்றை வரவழைத்து ஏவன் ஆற்றில் ஓடவிட்டார். அதற்குப் பெயர் ‘கனவு’.

முதலாம் உலகப்போரின்போது அளவுக்கு மேல் சீனி பதுக்கினார் என்று வழக்காகி, 1918 ஜனவரியில் 50 பவுண் தண்டம் கட்டினார். ஜாம் செய்து ஏழைகளுக்குக் கொடுக்கத்தான் என்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சங்கக்கடை வரிசையில் வளர்ந்த நமக்கு இந்த விளக்கத்தில் அவ்வளவு இரக்கம் வராது.

காதலைப் பற்றி இவ்வளவு எழுதியவரின் காதல் ஒன்றுதான். ஆர்தர் செவேர்ன் என்ற மணமான ஓவியர். நடு வயது கடந்து வந்த அந்த அன்புக்கு அவர் ஈடு செய்யவில்லை. அந்த அவமானத்தைக் கொரெலி எழுதி வைத்திருந்தது அவருடைய மரணத்துக்குப் பின் நூலாக வந்தது. கிரகம் கடந்து போகும் ஆவிக் காதலர்களை எழுதிய கை, ஒரு மனிதன் கடிதம் போடாத வேதனையையும் எழுதியிருக்கிறது. எனக்கு முதலாவதைவிட இரண்டாவது பெரிதாகப் படுகிறது.

இத்தனைக்கும் மேல், ஏன் இலட்சக்கணக்கானோர் அவரை வாசித்தார்கள்? முதல் நாவலின் பிற்பதிப்புகளில் வாசகர் கடிதங்களைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நம்பிக்கை இழந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், சாகத் துணிந்தவர்கள் அவருடைய கதையால் தேறியதாக எழுதியிருந்தார்கள். டார்வினுக்குப் பின் சொர்க்கம் ஆட்டங்கண்டிருந்தது. தொற்றுநோயில் பிள்ளைகள் செத்த வண்ணம் இருந்தார்கள். இறந்தவர் எங்கோ இருக்கிறார், அன்பு அறுபடாது என்று ஒருவர் விஞ்ஞானத்தின் மொழியில் சொன்னால் அது ஆறு சில்லிங்குக்குக் கிடைத்த ஆறுதல்.

இது வன்னிக்குத் தெரியாத பசியல்ல. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். சிலப்பதிகாரத்தில் வெட்டுண்ட கோவலன் கண்ணகி தழுவியதும் எழுந்து, அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு, விண்ணுக்குப் போகிறான். பதினான்கு நாள் கழித்து அவள் அவனோடு வானவூர்தி ஏறுகிறாள். அதைவிடப் பெரிய காதற்கதையைக் கொரெலி எழுதிவிடவில்லை. 2009க்குப் பின் கிளினிக்குக்கு வரும் தாய்மாரும் மனைவியரும், நித்திரையில்லை, நெஞ்சு நோகுது என்று தொடங்கி, அவர் கனவிலே வந்தவர் என்று முடிப்பார்கள். சாத்திரம் கேட்டதில் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னதாகவும் சொல்வார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்பாக அமர்ந்த தாய்மாருள் பலர் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்கள். அதை நோய் என்று நான் எழுதுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதிவிட்டு, கனவில் என்ன சொன்னார் என்று கேட்பேன். ஆனால் அந்தத் துயரத்தில் காசு பறிக்கும் சாத்திரகாரரையும் பார்த்திருக்கிறேன். தன் நாவலை நாவல் என்று விற்ற கொரெலி அவர்களைவிட எவ்வளவோ நேர்மையானவர்.

இறந்தபோது அவருக்கு வயது 68. மேசன் கிரோஃப்டையும் எல்லாவற்றையும் பேர்த்தாவின் ஆயுள்காலத்துக்கு விட்டுச் சென்றார். அந்த நேரத்தில் அவரை வாசிப்போர் குறைந்திருந்தார்கள், வருமானமும் வற்றியது. பேர்த்தா தோட்டத்தையும் அறைகளையும் சிநேகிதி வைத்தபடியே வைத்துக்கொண்டு 1941 வரை வாழ்ந்து, சிறகு விரித்த தேவதைச் சிலையின் கீழ் அவருக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் போயின. 1951 முதல் அந்த வீட்டில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சேக்ஸ்பியர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அவருடைய சங்கீத அறையில் இப்போது விரிவுரைகள் நடக்கின்றன.

நாவல்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசிக்க விரும்பும் தங்கைமார் ‘சிஸ்கா’வில் தொடங்குங்கள், இரண்டு நாளில் முடிந்துவிடும். அடுத்து ‘வெண்டெட்டா’. ‘ஆர்டத்’ பக்கம் அவசரப்பட்டுப் போகவேண்டாம்; எனக்கு அதை முடிக்க மூன்று மாரி எடுத்தது.